பாரம் எங்கே இறங்குகிறது



லாரி உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், பட்டறைக்காரர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பேசுகிறவனுக்கு இது கொஞ்சம் சங்கடம். முன்வரிசையில் சிலர் யூ போல்ட் முறுக்கிய கையோடு நேராக இங்கே வந்திருப்பார்கள். நான் சொல்லப்போவது அவர்களுக்குப் பழங்கதை. பின்வரிசைப் பிள்ளைகளுக்கோ, ரோட்டில் பெரிய டிரெய்லர் போனால் டயரை எண்ணிப் பார்ப்பதோடு சரி. இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று பேசிப் பார்க்கிறேன்.

டயரை எண்ணுவதிலிருந்தே தொடங்குவோம். 2018 டிசம்பரில் வந்தவாசிப் பக்கம் கொரக்கோட்டையிலிருந்து கோதண்டராமர் சிலை பெங்களூருக்குப் புறப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே கல்லில் ஆனது, ஏறத்தாழ 350 டன் என்று பத்திரிகைகள் எழுதின. அதைச் சுமந்தது 240 டயர் வண்டி. வழியெங்கும் பெரியவர்கள் சிலையைக் கும்பிட்டார்கள், பிள்ளைகள் டயரை எண்ணினார்கள். கிளம்பிய கொஞ்ச நாளிலேயே டயர்கள் வெடிக்கத் தொடங்கின. செஞ்சியில் நாள்கணக்கில் நின்றது. பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் அடுத்த ஆண்டு பிறந்து வெயில்காலமும் வந்துவிட்டது. டீக்கடைகளில் அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி, இத்தனை டயர் இருந்தும் ஏன் வெடிக்கிறது என்பதுதான்.

நியாயமான கேள்வி. 350 டன்னை 240 டயருக்குப் பிரித்தால், டயருக்கு ஒன்றரை டன்கூட வராது. வண்டியின் சொந்த எடையையும் சேர்த்தால் இரண்டு டன்னை ஒட்டி வரும். இந்த வகை டிரெய்லர்களுக்குப் போடும் டயர் சாதாரணமாகத் தாங்குகிற பாரம்தான் அது. ஆனால் இந்த வகுத்தல் கணக்கு எல்லா டயரும் சமமாகச் சுமக்கிறது என்று நம்பிக்கொண்டு போட்ட கணக்கு. அந்த வண்டியின் அடியில் அன்றைக்கு என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பொதுவாக இந்த நம்பிக்கை எங்கெங்கே பொய்த்துப்போகும், அதை வெளியில் நின்றபடியே எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

கோயிலில் சாமி புறப்பாடு பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சீர்பாதம் தாங்குகிறவர்களில் உயரம் குறைந்த ஒருவர் நடுவில் மாட்டிக்கொண்டால், தண்டு அவர் தோளில் படாது. கூடவே நடப்பார், வியர்க்கவும் வியர்க்கும், ஆனால் சுமக்கமாட்டார். முன்னும் பின்னும் இருக்கிறவர்களுக்குத்தான் தோள் வீங்கும். தெருவில் பள்ளம் வந்தால், அதில் கால் வைத்தவர் எவ்வளவு உயரமானாலும் அந்த நேரத்துக்குக் குள்ளர்தான்.

டிரெய்லருக்கு அடியில் இருக்கும் சஸ்பென்ஷன், இந்தக் குள்ளரையும் சுமக்கவைப்பதற்கான ஏற்பாடு. சொகுசுக்காக வைத்தது என்று நினைத்துப் பழகிவிட்டோம். பஸ்ஸுக்கு அது பொருந்தும். பொக்லைன் ஏற்றிப் போகிற லோபெட்டில் சொகுசை யார் கேட்டார்கள்? ஆகவே அடியில் குனிந்து பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அச்சு மேட்டில் ஏறினால், அந்தச் சேதி பக்கத்து அச்சுக்கு எந்த வழியாகப் போகிறது? இரும்பு வழியாகவா, காற்று வழியாகவா, எண்ணெய் வழியாகவா? அல்லது போகவே இல்லையா?

இரும்பு வழி நம் ஊரில் பெரும்பான்மை. பக்கவாட்டில் நின்று சக்கரங்களுக்கு இடையே பாருங்கள். இரண்டு ஆக்சில் டிரெய்லரில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பட்டைக் கட்டு, அதாவது லீஃப் ஸ்பிரிங், இருக்கும். முன் கட்டின் முன்முனை ஒரு ஹேங்கரில், பின் கட்டின் பின்முனை இன்னொரு ஹேங்கரில். நடுவில் இரண்டு கட்டும் நெருங்கி வரும் இடத்தில், சேசிஸிலிருந்து இறங்கும் பிராக்கெட்டில் ஒரு பின்னைச் சுற்றி ஆடுகிற இரும்புத் துண்டு ஒன்று தெரியும். அதுதான் ராக்கர். முன் அச்சு மேட்டில் ஏறினால் முன் பட்டையின் பின்முனை ராக்கரின் ஒரு பக்கத்தை மேலே தள்ளும். மறு பக்கம் கீழே இறங்கிப் பின் பட்டையை அழுத்தும். முன் அச்சு தனியாக வாங்கியிருக்க வேண்டிய பாரத்தில் பாதியைப் பின் அச்சு வாங்கிக்கொள்ளும்.

அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் ராக்கரை எண்ணச் சொல்வேன். ஒரு பக்கத்துக்கு ஒரு ராக்கர் என்றால் இரண்டு அச்சுக் கூட்டம். இரண்டு ராக்கர் என்றால் மூன்று அச்சு. ராக்கரே இல்லாமல், ஒவ்வொரு பட்டைக் கட்டும் தன் ஹேங்கர், தன் ஷேக்கிள் என்று தனிக்குடித்தனம் நடத்தினால், அந்த அச்சுகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. பழைய டிரெய்லரில் பட்டறையில் வைத்துக் கூடுதலாக ஓர் அச்சைச் சேர்த்த வண்டிகளில் இதைப் பார்க்கலாம். நான்கு டயர் கூடியிருக்கும். பலம் அந்த அளவுக்குக் கூடியிருக்காது.

ராக்கர் இருந்தால் மட்டும் போதுமா? ஆட வேண்டும். கிரீஸ் பார்க்காமல் விட்டால் புஷ் தேய்ந்து, பின் துருவேறி, ராக்கர் ஒரே சாய்வில் இறுகி நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும். காலி வண்டியின் முன் அச்சுச் சக்கரத்தை ஒரு மரக்கட்டை மேல் ஏற்றிப் பாருங்கள். ராக்கர் சாய்ந்து கொடுக்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. வெடித்த டயரை நடுரோட்டில் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓட்டுநர்களைக் கேளுங்கள்.

இதே பட்டை அமைப்பில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். பட்டைக் கட்டு ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா, அடியில் தொங்குகிறதா? அடியில் தொங்கினால் வண்டியின் தளம் தாழும். மேம்பாலத்துக்கு அடியில் நுழையவேண்டிய லோபெட்டுக்கு அது லாபம். அடுத்து, பட்டையின் முனையைப் பாருங்கள். கண் வளைத்துப் பின் போட்டிருந்தால் ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிப்பது பட்டையே. முனை மொட்டையாக ஹேங்கர் பெட்டிக்குள் வழுக்கிக்கொண்டிருந்தால், பட்டை பாரத்தை மட்டும்தான் தாங்கும்; ஆக்சிலை இடத்தில் நிறுத்துவது டார்க் ராடு. பெரும்பாலும் ஒரு பக்க ராடின் நீளம் மாறாது, மறு பக்க ராடில் மரை இருக்கும். அலைன்மென்ட் சரிசெய்ய அந்த மரைதான்.

இந்த ராக்கர் அமைப்புக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. பிரேக் அடிக்கும்போது பாரம் ஓர் அச்சிலிருந்து இன்னொரு அச்சுக்குத் தாவும். இலேசான அச்சின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும். ஒரே அச்சின் டயர்களில் மட்டும் தட்டைத் தேய்மானம் தெரிந்தால் ஓட்டுநரைத் திட்டுவதற்கு முன் ராக்கரையும் டார்க் ராடு புஷ்களையும் பாருங்கள்.

குவாரி, சுரங்கம் பக்கம் போனால் வேறொரு அமைப்பு கண்ணில் படும். இரண்டு அச்சுக்கும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பிராக்கெட். அதில் ஒரே பட்டைக் கட்டு, தடித்த நடுப்பகுதியில் பிடிபட்டு, இரண்டு முனையும் இரண்டு ஆக்சில் மேல் படுத்திருக்கும். இது போகி. கட்டு முழுவதுமே நடுவில் பிடித்த இடத்தைச் சுற்றி ஆடுவதால் ஒரு சக்கரம் பாறை மேல் ஏறினாலும் மற்றது தரையை விடாது. பட்டைக்குப் பதிலாக வளையாத முழு உத்தரம் ஒன்று இரண்டு அச்சையும் இணைத்தால் அது வாக்கிங் பீம். அமெரிக்காவில் ஹெண்ட்ரிக்சன் நிறுவனம் 1920-களிலேயே இதை லாரிகளுக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கியது. எடை அதிகம், காலி வண்டியில் குலுங்கும். ஆனால் முரட்டுப் பாதைக்கு இதை மிஞ்சியது குறைவு.

அச்சை ஏன் தனித்தனியாக எண்ணாமல் கூட்டமாகப் பார்க்கிறோம் என்று ஒரு மாணவர் கேட்கலாம். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 2018 ஜூலையில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது. இரட்டை அச்சுக்கு 19 போய் 21. மூன்று அச்சுக்கு 24 போய் 27. ஒன்றுக்கு 11.5 என்றால் இரண்டுக்கு 23 வரவேண்டுமே, ஏன் 21? பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அச்சுகளைப் பாலமும் ரோடும் ஒரே அடியாகத்தான் வாங்கிக்கொள்கின்றன. இரண்டு அச்சுக்கு இடையில் 1.8 மீட்டருக்குக் குறைவாக இருந்தால்தான் இரட்டை அச்சு என்று கணக்கு. ஆகவே அச்சை எண்ணுகிறவர் டேப்பையும் பையில் வைத்திருக்க வேண்டும்.

ரோட்டுக்கு அச்சுப் பாரம் எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவாவில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டி ஓட்டிச் சோதித்தார்கள். அதிலிருந்து கிடைத்த கணக்கு இன்றைக்கும் பொறியாளர்கள் கையில் இருக்கிறது: ரோடு கெடுவது அச்சுப் பாரத்தின் நான்காம் மடிக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஓர் அச்சில் பாரம் இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. பூட்டிக்கொண்ட ஒரு ராக்கரால் ஓர் அச்சு மற்றதன் பங்கையும் சுமந்தால், வே பிரிட்ஜ் சீட்டில் மொத்த எடை சரியாகவே இருக்கும். அடி வாங்குவது ரோடு.

மெஷினை டிரெய்லரில் எங்கே நிறுத்துகிறோம் என்பதும் இதே கதைதான். டிரெய்லர் இழுக்கிற வண்டியோடு சேரும் கிங் பின்னிலிருந்து பின் அச்சுக் கூட்டத்தின் நடுவுக்குப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டன் எக்ஸ்கவேட்டரின் எடை மையம் கிங் பின்னுக்கு ஆறு மீட்டர் பின்னால் விழுந்தால், அச்சுக் கூட்டத்துக்கு 18 டன் போகும். மீதி 12 டன் இழுக்கிற வண்டியின் மேல். மெஷினை ஒரு மீட்டர் பின்னால் நகர்த்தி நிறுத்தினால் அச்சுக் கூட்டத்துக்கு 21 டன். டிரெய்லரின் சொந்த எடையில் அந்த அச்சுகள் மேல் ஏழு டன் இருந்தால் மொத்தம் 28. மூன்று அச்சுக்கு அனுமதித்த 27-ஐயே அது தாண்டிவிட்டது. கூடவே ஒன்று, எக்ஸ்கவேட்டருக்குப் பின்பக்கம் எதிர்எடை இருக்கிறது. எடை மையம் கண்ணுக்கு நடுவாகத் தெரிகிற இடத்தில் இருக்காது. மெஷினைத் திருப்பி ஏற்றினால் கணக்கும் திரும்பிவிடும்.

காற்று வழிக்கு வருவோம். அடியில் கருப்பு ரப்பர் பலூன் தெரிந்தால் எல்லோரும் ஏர் சஸ்பென்ஷன் என்று சொல்லிவிடுவார்கள். சரிதான், ஆனால் அவசரப்படாதீர்கள். பலூன் ஆக்சில் மேல் நேரடியாகவோ அதன் பின்னால் நீளும் கையின் மேலோ நின்று சேசிஸைத் தாங்கிக்கொண்டிருந்தால் அது சஸ்பென்ஷன். ஆக்சிலைத் தூக்கிப்பிடிக்கிற மாதிரி வேறு பக்கம் ஒரு பலூன் இருந்தால் அது லிப்ட் ஆக்சிலுக்கானது. டயர் தரையைத் தொடாமல் போகிற லிப்ட் ஆக்சிலையும் சேர்த்து எண்ணிக்கொண்டு பெருமைப்படுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மையான ஏர் அமைப்பில், ஆக்சிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே போய் ஒரு வால்வின் கைப்பிடியில் சேரும். வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு பலூனுக்குக் காற்று விடும், உயர்ந்தால் வெளியேற்றும். ஒரே பக்கத்துப் பலூன்கள் எல்லாம் குழாயால் இணைந்திருப்பதால் எல்லாவற்றிலும் ஒரே அழுத்தம். அழுத்தம் ஒன்று என்றால் பாரமும் ஒன்று. ராக்கர் வேலையைக் காற்று பார்த்துக்கொள்கிறது. பட்டைகளுக்குள் இருக்கும் உராய்வு இங்கே இல்லாததால் ஒவ்வொரு அச்சுக்கும் ஷாக் அப்சார்பர் கட்டாயம். பலூன் இருந்து ஷாக் அப்சார்பர் இல்லை என்றால் யாரோ கழற்றி விற்றிருக்கிறார்கள். இன்னொரு வசதி, அழுத்தத்தைக் காட்டும் ஒரு கேஜ் வைத்தால் அச்சுக் கூட்டத்தின் பாரத்தை ஓட்டுநர் ஏற்றுகிற இடத்திலேயே படித்துவிடலாம். நம் ஊரில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பது எனக்கு ஆதங்கம்தான்.

இனி எண்ணெய். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றாலை இயந்திரம், பாய்லர் டிரம், டிரான்ஸ்பார்மர் போகிற பெரிய டிரெய்லரைப் பின்னாலிருந்து பாருங்கள். குறுக்கே எட்டு டயர். அந்த எட்டும் ஒரே நீள அச்சில் இல்லை. இடப்பக்கம் நான்குக்கு ஒரு குட்டை அச்சு, வலப்பக்கம் நான்குக்கு ஒன்று. ஒவ்வொரு குட்டை அச்சும் ஒரு பின்னைச் சுற்றி இடம்வலமாகச் சாயும். நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும் ரோட்டில் நான்கு டயரும் தரையில் படிவதற்கு அந்தச் சாய்வு வேண்டும். இதுவரைக்கும் இரும்பு டிரெய்லரிலும் உண்டு. எட்டு டயர் வரிசையைப் பார்த்ததுமே ஹைட்ராலிக் என்று சொல்லிவிடாதீர்கள். அச்சுக்கு மேலே முழங்கால் மாதிரி மடங்கிய கை இருக்கிறதா, அதை நிமிர்த்தும் சிலிண்டர் இருக்கிறதா, அதற்கு மேலே திரும்புவதற்கான வட்டத்தட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இருந்தால் ஹைட்ராலிக். ஸ்பிரிங் என்பதே அங்கே கிடையாது. ஜெர்மனியின் கோல்ட்ஹோஃபர், ஷோயர்லே, பிரான்சின் நிக்கோலா ஆகியவை இந்த வகையில் உலகப் பெயர் பெற்றவை.

ஒரு சிலிண்டரிலிருந்து அடுத்ததற்குக் குழாய் போகிறது. வால்வைத் திறந்து பல சிலிண்டர்களை ஒன்றாகச் சேர்த்தால் அது ஒரு கூட்டம். கூட்டத்துக்குள் எல்லாச் சிலிண்டரிலும் ஒரே அழுத்தம். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அதன் சிலிண்டரிலிருந்து எண்ணெய் நகர்ந்து பள்ளத்தில் இறங்கிய சிலிண்டருக்குப் போகும். பம்ப் ஓட வேண்டியதே இல்லை. பல மாடல்களில் சக்கரம் மேலும் கீழும் முந்நூறு மில்லிமீட்டர் அளவுக்கு நகர இடம் உண்டு.

ஆனால் எல்லாச் சிலிண்டரையும் ஒரே கூட்டமாக இணைத்துவிட்டால் வண்டி நிற்காது. எண்ணெய் ஒரு பக்கம் ஓடி, டிரெய்லர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் மூன்று கூட்டமாகவோ நான்காகவோ பிரிப்பார்கள். மூன்றாகப் பிரித்தால், மூன்று கூட்டத்தின் மையங்களையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். சுமையின் எடை மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்க வேண்டும். டிரெய்லர் அகலமாக இருக்கிறதே என்று நம்பி முக்கோணத்தின் ஓரத்தில் சுமையை வைத்தால், வளைவிலோ சரிவிலோ கவிழ்ந்துவிடும். நான்காகப் பிரித்தால் பாதுகாப்பான இடம் அகலும். ஆனால் நான்கில் எது எவ்வளவு சுமக்கிறது என்பது தளத்தின் முறுக்கத்தையும் பொறுத்திருக்கும். எந்த வால்வு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று டிரெய்லரோடு நடந்து வருகிற ஆபரேட்டருக்குத்தான் தெரியும். அவர் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே நடப்பதும் அதற்காகத்தான். மூன்று கூட்டத்தின் அழுத்தத்தை வைத்து எடை மையம் எங்கே இருக்கிறது என்பதையே கணக்கிட்டுவிடலாம்.

டயர் வெடிப்புக்கு வருகிறேன். எண்ணெய் ஓடிப் பங்கு போடுவதெல்லாம் சிலிண்டர் நகர இடம் இருக்கும்வரைதான். பெரிய மேட்டில் ஏறி சிலிண்டர் முழுவதும் அமுங்கிவிட்டால் அது வெறும் இரும்புத் தூண்; அந்த நான்கு டயர் மேல் பக்கத்து வரிசைகளின் பாரமும் வந்து இறங்கும். பள்ளத்தில் முழுவதும் நீண்டுவிட்டால் அந்த டயர் அந்தரத்தில் சுழலும். இப்படிப்பட்ட வண்டிகளில் வழக்கமான 235/75 ஆர் 17.5 டயர், ஜோடியாகப் போடும்போது பொதுவாக 2,575 கிலோவுக்குத் தகுதி பெற்றது. எட்டு டயருக்கு 20.6 டன். சட்டம் ஒரு வரிசைக்கு அனுமதிப்பது 18 டன். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இரண்டரை டன்தான் கிராமத்துச் சாலையின் மேடுபள்ளத்துக்கு நாம் வைத்திருக்கும் கையிருப்பு.

அந்த 18 டன் பாலம் கட்டுகிறவர்களின் கணக்கிலும் இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி, சிறப்பு வாகனம் என்று 385 டன் வண்டி ஒன்றைக் கற்பனை செய்து பாலத்தைச் சோதிக்கிறார்கள். இழுக்கிற வண்டி 25 டன். பின்னால் 20 வரிசை, வரிசைக்கு 18 டன், ஒன்றரை மீட்டர் இடைவெளியில். பாலத்தின் மேல் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள், நடுவிலேயே போக வேண்டும். பழைய பாலங்கள் இந்தக் கணக்கு வருவதற்கு முன்னால் கட்டியவை. பெரிய சுமை வரும்போது ஆற்றில் இறங்கி மண்பாதை போடுவதை வேடிக்கை பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுதான்.

யாரோ ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். பழைய லோபெட் ஒன்று வாங்கப் போகிறாராம், இருபது டன் மெஷின் ஏற்ற. ஏர் நல்லதா, பட்டை நல்லதா, வேறு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்.

அண்ணே, உங்கள் வேலை குவாரியும் கால்வாயும் என்றால் பட்டை வாங்குங்கள். பலூனில் கூர்க்கல் குத்தினால் காட்டுக்குள் யார் வருவார்கள்? தார் ரோட்டில் மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுவதானால் ஏர் யோசிக்கலாம். வண்டி பார்க்கப் போகும்போது ஒரு கிழிந்த துணியும் கம்பி பிரஷும் எடுத்துப் போங்கள். ஆக்சில் குழாயின் நடுவில் ஒரு தகடு இருக்கும், மண்ணும் கிரீஸும் அப்பியிருக்கும். துடைத்தால் தயாரித்தவர் பெயரும் எத்தனை டன் ஆக்சில் என்பதும் தெரியும். தகடு இல்லையா, குழாய் வட்டமா சதுரமா, ஹப்பில் எத்தனை ஸ்டட், எதிரெதிர் ஸ்டட்டுக்கு மையத்துக்கு மையம் எவ்வளவு, பட்டைக்குப் பட்டை எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சாமான் கடைக்காரர் அதைக் கேட்பார். பத்து ஸ்டட், 335 மில்லிமீட்டர் வந்தால் சாமான் கிடைப்பதில் கவலை இல்லை.

பிறகு ஒவ்வொரு அச்சின் டயரையும் கையால் தடவிப் பாருங்கள். ஒன்று அதிகம் தேய்ந்து மற்றது புதிதுபோல் இருந்தால், தேயாத அச்சு சுமக்கவில்லை என்று பொருள். கடைசியாக ஹேங்கர் பிராக்கெட் சேசிஸில் சேரும் இடம். வண்டி முழுக்கப் பழைய பெயின்ட், அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள். உள்ளே வெல்டிங் மேல் வெல்டிங் தெரிந்தால், விற்கிறவர் எவ்வளவு விலை குறைத்தாலும் வேறு வண்டி பாருங்கள்.